சொந்த ஊர் எது?



கொழும்பில் இருவர் புதிதாகச் சந்தித்தால், பெயருக்கு அடுத்தபடியாக எழும் கேள்வி "சொந்த ஊர் எது?" என்பதே. 1966ஆம் ஆண்டு யாழ்தேவியில் வந்து கோட்டை நிலையத்தில் இறங்கிய நாள் முதல் நானும் அதற்குப் பதில் சொல்லி வருகின்றேன். அரை நூற்றாண்டுக்கு மேல் இங்கு வாழ்ந்த பின்னும் "கொழும்பு" என்று சொல்ல நா எழுவதில்லை. அப்படியாயின் இந்நகர் யாருக்குத்தான் சொந்த ஊர்?

நம் இலக்கியத்துக்கு இந்த விசாரணை புதிதன்று. பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்த பொருள்கள் எங்கெங்கிருந்து வந்தன என்று வரிசையாகச் சொல்கிறார். ஈழத்திலிருந்து போன உணவுப் பொருளுக்கும் அதில் ஓரிடமுண்டு. பல மொழி பேசும் அயல்நாட்டார் அங்கே கூடி இன்புற்று வாழ்ந்த செய்தியையும் அவர் பதிவு செய்கிறார்.

கொழும்பும் துறைமுகத்தால் வளர்ந்த பட்டினமே. முன்னர் பெருங்கப்பல்கள் காலித் துறையிலேயே தரித்தன. 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய அலைதடுப்பு அணை 1885இல் நிறைவெய்தவே, காலியின் வாழ்வு கொழும்புக்கு இடம்பெயர்ந்தது. 1901இல் ஏறத்தாழ 155,000 ஆக இருந்த நகரச் சனத்தொகை, 1911இல் 211,000 அளவுக்கு உயர்ந்தது. பிறப்பினால் மட்டும் ஒரு நகரம் இவ்வளவு விரைவாகப் பெருகாது.

வந்தவர்கள் எந்த ஊரவர்கள்? அதை அறியத் தெருக்களில் நடந்தாலே போதும். கொம்பனித்தெருவின் மலே வீதியும் ஜாவா ஒழுங்கையும், ஒல்லாந்தர் படைவீரராகக் கொண்டுவந்தோரை நினைவூட்டுகின்றன. செட்டியார் தெரு, செட்டிநாட்டிலிருந்து வட்டித்தொழிலுக்கு வந்த நகரத்தாரைச் சொல்கிறது. கொச்சிக்கடை என்ற பெயரிலேயே மலையாளக் கரை தெரிகிறது. தூத்துக்குடிப் பக்கமிருந்து பரதவர் வந்தனர். குஜராத்திலிருந்து போரா, மேமன் வணிகர் வந்தனர். தென்மாகாணத்திலிருந்து சிங்களச் சிறுகடைக்காரர் வந்தனர். நகரைக் கூட்டித் துப்புரவாக்கத் தமிழகக் கிராமங்களிலிருந்து ஏழைகள் வந்தனர். 1905இல் காங்கேசன்துறை வரை புகையிரதப் பாதை அமைந்தபின் யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர் தொகையும் பெருகிற்று.

இவர்கள் தனித்தனியே வழிதேடி வந்தவர்களல்லர். முதலில் வந்தவர் கடிதம் போடுவார். மருமகன் வருவான். பின்னர் ஊரே வரும். நான் வந்துசேர்ந்த வெள்ளவத்தைச் 'சமறி'யில் எட்டுப் பேர். எல்லோரும் எங்கள் ஊரவர். வாடகையும் சமையலும் பங்கு. முதலிரவு எனக்குப் பாயில் இடம் தந்த அண்ணர், தாமும் வேறொருவர் பாயில் இடம் பெற்றவர்தாம். அடுத்த தெருத் தேநீர்க்கடையில் மாத்தறைப் பொடியன்கள் நால்வர் கடைக்குள்ளேயே படுத்தெழும்பினர். அவர்களை அழைத்துவந்ததும் மாமன் ஒருவரே.

ஆனால் ஊரைக் கேட்கும் கேள்வி எப்போதும் அன்பாகக் கேட்கப்பட்டதில்லை. 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிகளாயிருந்த இந்தியரை விலக்க முடிவெடுத்தபோது நேருவே இங்கு வர நேர்ந்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினர் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 2007 ஜூன் 7ஆம் திகதி, கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த வடகிழக்குத் தமிழர் 300க்கு மேற்பட்டோர் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர்நீதிமன்றம் அதற்குத் தடைவிதித்தது. அவ்விடுதிகளில் சில, எங்கள் சமறி இருந்த அதே வெள்ளவத்தையில் இருந்தன. பாயில் இடம் தந்த அண்ணரும் "சொந்த ஊர் எது?" என்றுதான் கேட்டார்; அன்றிரவு கதவைத் தட்டியவர்களும் அதையே கேட்டனர்.

என் பேத்தி கொழும்பில் பிறந்தவள். அண்மையில் ஒரு கல்யாண வீட்டில் ஒருவர் ஊரைக் கேட்டார். "கொழும்பு" என்றாள். அவர் விடவில்லை. "அது சரி பிள்ளை, சொந்த ஊர்?" அவள் விளங்காமல் மறுபடியும் "கொழும்பு" என்றாள்.

நான் அறுபது ஆண்டுகளாகச் சொல்லத் தயங்கிய பதில் அது.