பழைய மோட்டார் சைக்கிளும் பாடபேதமும்



ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த பெரியோர், ஒரே நூலின் பல பிரதிகளைத் தேடிப் பெற்று, அவற்றிடையே காணப்படும் பாடபேதங்களை ஒப்புநோக்கி, மூலபாடம் இது, இடைச்செருகல் இது எனத் துணிந்தனர் என்பதை நாம் அறிவோம். ஏறத்தாழ அதே பணியை, எண்ணெயும் துருவும் படிந்த கைகளோடு செய்து வருவோரும் உளர். பழைய மோட்டார் சைக்கிள்களைப் புதுப்பித்து ஓடச் செய்வோரே அவர்கள். எந்த உறுப்பு எந்த ஆண்டுக்கு உரியது என்று அறிவதே அவர்தம் கலையின் உயிர்நாடி. அதனை விளக்க ஓர் உதாரணத்தை இன்று எடுத்துக்கொள்வோம்.

1937ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரிலிருந்த ட்ரையம்ப் தொழிற்சாலை 'ஸ்பீட் ட்வின்' என்னும் மோட்டார் சைக்கிளை அறிமுகஞ் செய்தது. எட்வர்ட் டேர்னர் என்பவர் வகுத்த இரட்டைச் சிலிண்டர் இயந்திரம் அது. சிலிண்டரின் விட்டம் 63 மில்லிமீற்றர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 80 மில்லிமீற்றர். கருஞ்சிவப்பு நிறம் பூண்ட அவ்வண்டி பிற தொழிற்சாலைகளுக்கும் வழிகாட்டியாயிற்று.

முதலில் வெளிவந்த 1938ஆம் ஆண்டு மாதிரியில், சிலிண்டரின் அடிப்பாகம் ஆறு திருகாணிகளால் இயந்திரத்தின் கீழ்க்கூட்டோடு பிணைக்கப்பட்டிருந்தது. அப்பிணைப்பு போதிய வலிமையுடையதன்று எனக் கண்டு, 1939ஆம் ஆண்டு மாதிரியில் எட்டுத் திருகாணிகள் வைத்தனர். இத்திருகாணிகளை எண்ணிப் பார்த்தே ஓர் இயந்திரத்தின் வயதை ஒருவாறு சொல்லிவிடலாம். அன்றியும், அக்காலத்து இயந்திர இலக்கத்தின் முன்னே ஆண்டைக் குறிக்கும் எண்ணும் பொறிக்கப்பட்டது. 1938க்கு 8, 1939க்கு 9, யுத்தத்தின் பின் 1946க்கு 46 என்றவாறு அது அமையும். எட்டென்று தொடங்கும் இலக்கத்தைத் தாங்கிய கீழ்க்கூட்டில் எட்டுத் திருகாணிகள் காணப்படின், அவ்விலக்கம் பின்னாளில் எவராலோ பொறிக்கப்பட்டதோ என ஐயுற இடமுண்டு. இலக்கத்தை அராவி அழித்து வேறொன்றை அடிக்க ஒரு சுத்தியலும் சில அச்சுக்களும் போதும். வார்ப்பின் வடிவை மாற்றுவதோ அத்துணை எளிதன்று.

1940ஆம் ஆண்டு நவம்பர் 14ஆந் திகதி இரவு ஜேர்மன் விமானங்கள் கொவென்ட்ரி நகரைக் குண்டு வீசி அழித்தன. ட்ரையம்ப் தொழிற்சாலையும் பாழாயிற்று. 1942இல் மெரிடன் என்னும் ஊரில் புதிய தொழிற்சாலை எழுந்தது. அங்கே படையினருக்குரிய வண்டிகளே முதலில் உருவாயின. சமாதானத்தின் பின் 1946இல் வெளிவந்த ஸ்பீட் ட்வின், முன்னையதினின்றும் பல வகையில் வேறுபட்டது. முன்சக்கரத்தைத் தாங்கிய பழைய சட்டக் கவை நீங்கி, குழாயினுட் குழாய் நழுவும் கவை வந்தது. மக்னீட்டோவோடு பிணைந்திருந்த டைனமோ பிரிந்து, இயந்திரத்தின் முன்புறத்தில் தனியிடம் பெற்றது. 1949இல் எண்ணெய்த் தாங்கியின் மேலிருந்த கருவிப் பலகை மறைந்தது. முகவிளக்கையும் வேகமானியையும் ஒருங்கே அடக்கிய தகட்டுக் கூடு முன்கவையின் மேல் அமைந்தது. 1953இல் டைனமோவும் மக்னீட்டோவும் நீங்கி, ஓல்ற்றனேற்றர் என்னும் மின்பிறப்பாக்கி வந்தது. 1955இல் பின்சக்கரம் ஊசற் கவையிற் பொருந்தியது.

ஆகவே, 1939ஆம் ஆண்டு வண்டியென்று விற்கப்படும் ஒன்றில் 1949ஆம் ஆண்டுத் தகட்டுக் கூடு இருக்குமானால், அஃது இடைச்செருகலே. எனினும் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். தொழிற்சாலையின் மாதிரி ஆண்டு தை மாதத்திற் பிறப்பதில்லை. முந்திய ஆண்டின் பிற்பகுதியிலேயே புதிய மாதிரி உருவாகத் தொடங்கிவிடும். 1948இன் இறுதியிற் செய்யப்பட்ட வண்டி 1949ஆம் ஆண்டின் உறுப்புக்களைத் தாங்கியிருப்பது பிழையன்று. இதனை உணராத ஒருவர், பதிவுப் பத்திரத்தில் 1948 என்றிருப்பதை மாத்திரம் நம்பி, சரியான உறுப்பைக் கழற்றி எறிந்துவிட்டுத் தவறானதைப் பூட்டிவிடக்கூடும். அறியாமையால் நேரும் அழிவு இதுவே. துருப்பிடித்த உறுப்பை மீட்கலாம். எறிந்த உறுப்பை மீட்பது அரிது.

இத்தகைய ஐயங்களைத் தீர்க்கச் சான்றுகள் உள. தொழிற்சாலை ஆண்டுதோறும் வெளியிட்ட உதிரிப்பாகப் பட்டியல்கள் ஒரு சான்று. இன்ன இலக்கமுடைய வண்டி இன்ன நாளில் அனுப்பப்பட்டது எனக் குறித்த ஏடுகள் மற்றொன்று. மெரிடன் தொழிற்சாலை 1983இல் மூடப்பட்டதாயினும், அவ்வேடுகள் அழியவில்லை. 1946இல் இங்கிலாந்தில் தோன்றிய பழைய மோட்டார் சைக்கிட் கழகம் அவற்றைப் பேணி, வண்டியின் வயதை உறுதிசெய்து தருகின்றது. சிறு திருகாணியின் புரியுங்கூடச் சான்றாகும். ஓர் அங்குலத்துக்கு 26 சுற்றுக் கொண்ட பழைய பிரித்தானியப் புரியை 1960களின் இறுதியில் வேறுவகைப் புரி பெரிதும் அகற்றியது.

ஆயினும் பின்வந்த உறுப்பு யாவும் களையத்தக்கனவோ? அப்படிச் சொல்லிவிட முடியாது. யுத்தத்தின் பின் புதிய வண்டி வாங்க வசதியற்ற தொழிலாளி ஒருவன், தன் பழைய வண்டிக்குக் கிடைத்த உறுப்பைப் பூட்டிப் பத்து ஆண்டுகள் வேலைக்குச் சென்றிருப்பின், அவ்வுறுப்பும் அவ்வண்டியின் சரித்திரத்தில் ஒரு பக்கமே. வாங்குவோனை ஏமாற்றப் பூட்டியது வேறு. வாழ்க்கை நடத்தப் பூட்டியது வேறு. மாற்ற வேண்டுமாயின் மாற்றலாம். ஆனால் கழற்றியதை எறியாது பேணி, எதை, எப்பொழுது, ஏன் மாற்றினோம் எனக் குறித்து வைத்தல் வேண்டும். நல்ல பதிப்பாசிரியர் தாம் தள்ளிய பாடத்தையும் அடிக்குறிப்பிற் காட்டுவார் அன்றோ? அதனால் பின்வருவோர் அவர் பிழை செய்திருந்தாலும் திருத்திக்கொள்ள முடிகின்றது. இயந்திரத்துக்கும் அந்த நேர்மையே வேண்டும்.