சிம்ப்யூட்டர் யாருக்காக வடிவமைக்கப்பட்டது?

2001 ஏப்ரலில் பெங்களூருவில் அறிமுகமான சிம்ப்யூட்டரை, 'தோற்றுப்போன மலிவுக் கணினி' என்ற ஒற்றை வரியில் கடந்துவிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. அவ்வரி அக்கருவிக்கு நியாயம் செய்வதில்லை.

1998இல் அந்நகரில் நடந்த கருத்தரங்கொன்றில், வளரும் நாடுகளுக்குத் தகவல் தொழில்நுட்பம் எவ்வாறு பயன்பட வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. அதன் தொடர்ச்சியாக, இந்திய அறிவியல் கழகத்தின் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், வி. வினய், ரமேஷ் ஹரிஹரன் ஆகியோரும் என்கோர் நிறுவனத்தின் வினய் தேஷ்பாண்டே முதலியோரும் இணைந்து சிம்ப்யூட்டர் அறக்கட்டளையை அமைத்தனர். உள்ளங்கையில் அடங்கும் கருவி, தொடுதிரை, லினக்ஸ் இயங்குதளம், ஏறத்தாழ 9,000 ரூபாய் என்ற விலை இலக்கு.

அதன் வடிவமைப்பில் இரண்டு முடிவுகள் கூர்ந்து நோக்கத்தக்கவை. முதலாவது, ஸ்மார்ட் அட்டை. ஏழைக் குடும்பம் ஒவ்வொன்றும் கருவி வாங்க இயலாது. ஆகவே கருவி ஊருக்குப் பொது, தனிமனிதரின் தரவு மட்டும் அவரவர் அட்டையில். இரண்டாவது, குரல். எழுத்தறியாதவருக்காக, கன்னடம், இந்தி உள்ளிட்ட மொழிகளின் எழுத்தை ஒலியாக்கும் மென்பொருள் உருவாக்கப்பட்டது. மொழியியல் நோக்கில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. எழுத்தை ஒலியாக்கினால் காதில் விழுவது எழுத்து வழக்கே. தமிழைப் போலவே கன்னடத்திலும் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் வெகுவாக விலகி நிற்பவை. படிக்கத் தெரியாதவருக்கு ஏட்டுமொழியை உரக்க வாசித்துக் காட்டுவது பாதித் தீர்வுதான்.

2004 ஏப்ரலில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்த அமிடா சிம்ப்யூட்டர் 9,950 ரூபாய் தொடக்க விலையில் சந்தைக்கு வந்தது. சாய்த்தால் பக்கம் புரளும் வசதி அதில் இருந்தது. ஐபோன் வெளிவர அப்போது இன்னும் மூன்றாண்டுகள் இருந்தன. ஆயினும் 50,000 என்ற இலக்குக்கு எதிரே விற்றவை ஏறத்தாழ 4,000 மட்டுமே. காரணம் விலை என்பர். 2003இலேயே ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்தில் கைபேசி தந்தது உண்மைதான். ஆனால் விலை மட்டுமே காரணமன்று. சிம்ப்யூட்டர் தன் பயனரைத் தகவல் பெறுபவராகக் கருதியது. கைபேசியோ அவரைப் பேசுபவராகக் கண்டது. ஊரிலுள்ள தாயின் குரலைக் கேட்க விரும்பிய தொழிலாளிக்கு விலைப்பட்டியலை வாசிக்கும் இயந்திரக் குரல் ஈடாகவில்லை.

2005இல் பெங்களூருவில் தொடங்கப்பட்ட மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் இந்திராணி மேதியும் அவர்தம் குழுவினரும் இதே கேள்வியை வேறு முனையிலிருந்து அணுகினர். நகரின் குடிசைப் பகுதிகளில் வாழும் வீட்டுப் பணிப்பெண்களுக்காக, எழுத்தே இல்லாத வேலைவாய்ப்பு இடைமுகம் ஒன்றை அவர்களோடு அமர்ந்து வடிவமைத்தனர். பாத்திரங்களின் படம் பாத்திரங்களையே குறித்தது. 'பாத்திரம் கழுவுதல்' என்னும் வினையைக் குறிக்க நீர் வழிவதையும் அசைவையும் வரைய வேண்டியிருந்தது. பெயர்ச்சொல்லைப் படமாக்குவது எளிது, வினைச்சொல்லை அன்று.

அதைவிட முக்கியமான தடை ஒன்றும் வெளிப்பட்டது. படங்கள் புரிந்த பின்னரும் பலர் கருவியைத் தொடத் தயங்கினர். வேலை பற்றிய செய்தி அப்பெட்டிக்குள் எப்படி வந்தது என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. எனவே குழுவினர் ஒரு நாடகக் காணொளியை முன்னே சேர்த்தனர்: பணியாள் தேடும் வீட்டுக்காரர் தகவல் தருகிறார், அது கணினிக்குள் செல்கிறது, வேலை தேடும் பெண் அதைப் பார்க்கிறாள். செய்திக்குப் பின்னே ஒரு மனிதர் இருப்பது கண்ணில் பட்ட பிறகே பலர் திரையைத் தொட்டனர்.