அவனுக்குப் பின்

எங்கள் தெருக்கோடியில் ஓர் அம்மாள் இட்லிக் கடை வைத்துப் பிள்ளையை வளர்த்தாள். புருஷன் போன இடம் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பாரத்தில் தகப்பனார் கையெழுத்துப் போடவேண்டிய இடம் வரும்போதெல்லாம், "அவர் வெளியூர் போயிருக்கார்" என்பாள். பிள்ளை படிப்பை முடிக்கிற வரையில் அவர் வெளியூரிலேயே இருந்தார். ஒரு வேளைச் சோறு போடாத மனிதருக்குக் காகிதத்தில் மட்டும் ஓர் இடம் காலியாகக் காத்துக்கொண்டிருந்தது.

அந்தக் காலி இடத்தின் வேரைத் தேடி ஒருநாள் சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். 1956-ல் வந்த இந்து மைனர், கார்டியன் சட்டத்தின் ஆறாவது பிரிவு அது. மைனர் குழந்தைக்கு இயற்கையான கார்டியன் தகப்பன். அவனுக்குப் பின் தாய். ஐந்து வயது நிரம்பும்வரை குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கும். இடுப்பில் சுமக்க அவள், கையெழுத்துப் போட அவன்! கலியாணமில்லாமல் பிறந்த குழந்தைக்கோ முதலில் தாய், அவளுக்குப் பின்தான் தகப்பன். தாலி கட்டிக்கொண்டதற்கு அவள் கொடுத்த விலை போலும்.

தகப்பனின் இந்த உரிமை எப்போது போகும்? அவன் இந்துவாக இல்லாமற் போனால் போகும். உலகத்தை முற்றும் துறந்து வானப்பிரஸ்தனாகவோ ஸன்னியாசியாகவோ ஆகிவிட்டால் போகும். காவி கட்டிக்கொண்டு போனவனுக்குச் சட்டம் விடை கொடுத்துவிட்டது. வெள்ளை வேஷ்டியோடு இன்னொருத்தி வீட்டுக்குப் போனவனைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை இல்லை. அவன் தகுதியற்றவன் என்று 1890-ஆம் வருஷத்துச் சட்டப்படி கோர்ட்டில் நிரூபிக்கலாம்தான். இட்லிக் கடையை மூடிவிட்டு யார் போவது?

ஆகவே வழக்கெல்லாம் 'பின்' என்ற ஒரே சொல்லில் வந்து நின்றது. "எனக்குப் பின்" என்று ஒரு தகப்பன் சொன்னால் நமக்கு அவன் சாவுதான் ஞாபகம் வருகிறது. அதிகாரிகளுக்கும் அப்படித்தான் வந்தது.

1970-ல் ஒரு நில வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. மைனர் பெண்ணின் நிலத்தைத் தாய் குத்தகைக்கு விட்டிருந்தாள். தகப்பன் உயிரோடிருக்க அவள் விட்ட குத்தகை செல்லுமா என்பது கேள்வி. தாயும் தகப்பனும் பிரிந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பெண்ணின் காரியம் எதிலும் அவன் தலையிட்டதில்லை. அந்தப் பெண்ணைப் பொறுத்தமட்டில் அவன் இல்லாதவன் மாதிரியே என்று கோர்ட்டு குத்தகையை ஒப்புக்கொண்டது. உயிரோடிருக்கிற ஒருவனை இல்லை என்று சொல்ல நாவலாசிரியனுக்கே கொஞ்சம் தயக்கம் வரும். ஆனாலும் அது அந்த ஒரு குடும்பத்துக்குச் சொன்ன தீர்ப்பாகவே அலமாரிக்குள் போய்விட்டது.

1984-ல் கோயம்புத்தூரில் பிறந்தவரும் பின்னாளில் ஆங்கில நாவலாசிரியையாகப் பெயர் பெற்றவருமான கீதா ஹரிஹரன், தம் மகன் பெயரில் கடன் பத்திரம் வாங்க ரிசர்வ் பாங்குக்கு விண்ணப்பம் போட்டார். தாயே கார்டியனாக இருப்பது என்று கணவனும் மனைவியும் பேசி வைத்த ஏற்பாடு. தகப்பன் கையெழுத்து வேண்டும் என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். கூடவே விசாரிக்கப்பட்ட இன்னொரு வழக்கில், பிள்ளையைப் பற்றிக் கவலைப்படாத தகப்பன் கார்டியன் உரிமையை மட்டும் விடவில்லை என்பது தாயின் புகார்.

1999 பிப்ரவரி 17-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. சட்டத்தில் ஓர் எழுத்தைக்கூடக் கோர்ட்டு மாற்றவில்லை; அர்த்தத்தை மாற்றிற்று. 'பின்' என்றால் செத்த பின் என்று மட்டுமல்ல, அவன் இல்லாதபோது என்றும் கொள்ளவேண்டும். ஊரில் இல்லாதிருப்பதும் இல்லாமைதான், நோயில் கிடப்பதும் இல்லாமைதான். பிள்ளையை அடியோடு அலட்சியம் செய்வதும் இல்லாமையே. வரிசையில் தகப்பன்தான் இன்னும் முதல் ஆள் என்பதில் எனக்குக் குறைதான். என்றாலும் பாராமுகத்துக்குச் சட்டத்தில் ஒரு பெயர் கிடைத்ததே!

2015-ல் டில்லியிலிருந்து வந்தது இன்னொரு வழக்கு. கலியாணம் ஆகாத ஒரு கிறிஸ்தவத் தாய். தன் சேமிப்புக்கும் இன்ஷூரன்ஸுக்கும் மகனை நாமினியாகப் போட நினைத்தாள். தகப்பன் பெயரைச் சொல், அல்லது கார்டியன் சான்று கொண்டுவா என்றார்கள். சான்று கேட்டுக் கோர்ட்டுக்குப் போனால் அங்கேயும் தகப்பனுக்கு நோட்டீஸ் அனுப்பவேண்டும் என்றார்கள். பெயரைச் சொல்லமாட்டேன் என்றாள். இரண்டு கோர்ட்டுகள் மனுவைத் தள்ளின. பிள்ளையை ஏறிட்டுப் பார்க்காதவனுக்கு நோட்டீஸ் அவசியமில்லை, மனுவை விசாரியுங்கள் என்று ஜூலை மாதம் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று.

பையன் 2010-ல் பிறந்தவன். பள்ளிக்கூடத்துப் பாரம் பூர்த்தி செய்கிற வயது.