'அட்வைஸ்' ஆணையான வரலாறு: ஜொகூர் ஒப்பந்தங்களை முன்வைத்து

நம் வீடுகளில் 'அட்வைஸ்' என்பது இலவசம். பிடித்தால் கேட்போம், பிடிக்காவிட்டால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவோம். மலாய் ஆட்சியாளர்களுக்கு ஆங்கிலேயர் வைத்த 'அட்வைஸ்' அப்படிப்பட்டதல்ல. 1874 ஜனவரியில் பேராக்கில் கையெழுத்தான பங்கோர் உடன்படிக்கை, மலாய்ச் சமயமும் வழக்கமும் நீங்கலாக மற்ற எல்லாவற்றிலும் 'ரெசிடெண்ட்' என்ற பிரிட்டிஷ் அதிகாரியின் ஆலோசனையைக் கேட்கவும் வேண்டும், அதன்படி நடக்கவும் வேண்டும் என்றது. கட்டாயம் இருந்தது அந்த 'நடக்கவும் வேண்டும்' என்பதில்தான். அடுத்த ஆண்டே முதல் ரெசிடெண்ட் பிர்ச் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். 'ஆலோசனை' என்ற பெயரில் வரி வசூலிலும் அடிமை முறையிலும் அவர் கைவைத்தது அதற்கு முக்கியக் காரணம்.

மற்றொரு மலாய் அரசான ஜொகூரின் ஆட்சியாளர் அபு பக்கார் இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவர். 1885 டிசம்பர் 11இல் லண்டனில் அவர் செய்துகொண்ட ஒப்பந்தம் அவரைச் சுல்தானாக ஏற்றது. வெளியுறவில் அவர் கையைக் கட்டியது. ஆனால் உள்நாட்டில் 'ஆலோசகர்' எவரையும் அமர்த்தவில்லை. தூதரக அலுவலருக்குரிய பணிகளோடு ஒரு பிரிட்டிஷ் ஏஜெண்ட் வரலாம் என்று மட்டுமே சொன்னது. அந்த ஏஜெண்டும் அவர் காலத்தில் வரவில்லை. சொல் தேர்வில் அபு பக்காருக்கு இருந்த கவனத்தை வரலாற்றாசிரியர்கள் குறைத்தே மதிப்பிட்டுள்ளனர் என்பது என் கருத்து. அவர் மீது லண்டனில் தொடரப்பட்டு, 1894ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் பதிவான மைகெல் வழக்கில், அவர் இறையாண்மை பெற்ற அரசரே, ஆகவே அவரை விசாரிக்க இயலாது என்று ஆங்கிலேய நீதிமன்றமே தீர்ப்பளித்தது. (திருமண வாக்குறுதியை மீறியதாகத் தொடரப்பட்ட வழக்கு அது!) 1895இல் அவர் ஜொகூருக்கு எழுத்து வடிவில் ஓர் அரசமைப்பையும் தந்துவிட்டு, அதே ஆண்டு காலமானார்.

மகன் இப்ராகிமின் காலத்தில் நிலைமை மாறியது. 1909இல் ரயில் பாதை ஜொகூரின் குறுக்கே ஓடத் தொடங்கிவிட்டது. ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. 1910இல் டக்ளஸ் கேம்பல் 'ஆலோசக'ராக வந்தார். சொல்வது அவர் கடமை, கேட்பதும் விடுவதும் சுல்தான் விருப்பம் என்பதே அன்றைய பொருள். நான்கு ஆண்டுகள் இந்தப் பொருளைச் சுற்றியே இழுபறி நடந்தது. ஜொகூர் சிறையின் நிலை பற்றிய புகார்களும் விசாரணையும் ஆங்கிலேயருக்கு வாய்ப்பாக அமைந்தன. 1914 மே 12இல் 1885 ஒப்பந்தம் திருத்தப்பட்டது. கேம்பல் 'பொது ஆலோசகர்' ஆனார். பங்கோரின் அதே கட்டாயம் ஜொகூருக்கும் வந்து சேர்ந்தது. ஆங்கிலேய அதிகாரிகள் ஜொகூர்ச் சீருடை அணிவது போன்ற சில மரியாதைகளைச் சுல்தான் கேட்டுப் பெற்றார். பதவியின் பெயரை 'ரெசிடெண்ட்' என்று வைக்காததும் அப்படியொரு மரியாதையே. உடையும் பெயரும் ஜொகூருடையவை, முடிவெடுப்பது கேம்பல்.

விடுதலைக்குப் பின் இந்தச் சொல் மறையவில்லை, திசை மாறியது. மலேசிய அரசமைப்பின் 40ஆம் பிரிவில் நாட்டுத் தலைவரான மாமன்னருக்கு ஆலோசனை தருவது அமைச்சரவை. ஆலோசனை கட்டாயமா என்ற இதே வாதம் இந்தியாவில் 'உதவியும் ஆலோசனையும்' என்ற தொடரைச் சுற்றி எழுந்தது. 1974இல் ஷம்ஷேர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது குடியரசுத் தலைவரையும் ஆளுநரையும் கட்டுப்படுத்தும் என்றது. 1976இல் 42ஆம் திருத்தம் குடியரசுத் தலைவரைப் பொறுத்தவரை அதைச் சட்ட வாசகமாகவே எழுதியது. மலேசியா 1994இல் 40(1அ) உட்பிரிவைச் சேர்த்தது. 'ஆலோசனைப்படி', 'ஆலோசனையின் பேரில்', 'ஆலோசனையைக் கருதிப் பார்த்தபின்' என்று வெவ்வேறு விதமாக எழுதியிருந்த இடங்களிலெல்லாம் மாமன்னர் அதை ஏற்று நடக்க வேண்டும் என்று அது ஒரே பொருளை விதித்தது. கருதிப் பார்த்தபின் மறுக்கும் உரிமை அத்துடன் போயிற்று.

வாசகம் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால் 1914ஐயும் 1994ஐயும் ஒரே தட்டில் வைப்பது பிழை. முன்னதில் ஆலோசனை சொன்னவர் லண்டனுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். பின்னதில் சொல்பவர்கள் வாக்காளர்களுக்கு.

2024 ஜனவரி 31 முதல் மாமன்னராக இருப்பவர் ஜொகூர் சுல்தான் இப்ராகிம். 1914 ஒப்பந்தத்தை ஏற்ற சுல்தான் இப்ராகிமின் கொள்ளுப் பேரன் அவர்.