ஸ்போர்ட்ஸ் கார் இல்லாத ஊரிலிருந்து: வாகனக் காப்புறுதிக் கட்டுப்பணத்தின் நியாயம்

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில், புதுக்குடியிருப்புச் சந்தியில் நின்றால் மோட்டார் சைக்கிள், ஆட்டோ, உழவு இயந்திரம், டிப்பர் எல்லாம் கடந்து போகும். ஸ்போர்ட்ஸ் கார்தான் வராது. ஆனாலும் அதன் சொந்தக்காரருடைய முறைப்பாடு இங்கும் உண்டு: "நான் மெதுவாத்தானே ஓடுறன், எனக்கேன் இவ்வளவு காசு?" இதில் பாதி பிழை. மற்றப் பாதி, சொல்பவர் நினைப்பதிலும் பாரதூரமானது.

பிழையான பாதியை இந்திய விகிதங்களே காட்டும். 2022 யூனில் அங்கு அரசு நிர்ணயித்த மூன்றாம் தரப்புக் கட்டுப்பணம், 1500 சிசிக்கு மேற்பட்ட தனியார் கார்களுக்கு 7,897 ரூபாய். இன்னோவாவுக்கும் அதுதான், போர்ஷே 911க்கும் அதுதான். வேகத்துக்கென்று ஒரு சதமும் கூடவில்லை. வித்தியாசம் முழுவதும் சொந்தச் சேதத்துக்கான பகுதியில் வருகிறது. அங்கு கணக்கில் எடுக்கப்படுவது வாகனத்தின் பெறுமதி, இறக்குமதியாகும் உதிரிப்பாகத்தின் விலை, திருத்தத் தெரிந்த கராஜ்களின் அருமை. விலையுயர்ந்த முகப்பு விளக்கை விரும்பி வாங்கியவர் அதன் காப்புறுதிச் செலவையும் சேர்த்தே வாங்கியிருக்கிறார்.

மற்றப் பாதிக்கு மோட்டார் சைக்கிளைப் பார்க்கவேண்டும். அதே விகிதப் பட்டியலில் 75 சிசிக்கு மேல் 150 சிசி வரை 714 ரூபாய். அதைத் தாண்டினால் 350 சிசி வரை 1,366. 149.5 சிசி பல்சர் ஒருபக்கம், 155 சிசி யமஹா ஆர்15 மறுபக்கம். ஐந்தரை சிசி கட்டணத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்குகிறது. ஓடுபவர் யார் என்று எவரும் கேட்கவில்லை. கலிபோர்னிய வாக்காளர்கள் 1988இல் 103ஆம் முன்மொழிவை நிறைவேற்றி, ஓட்டுநரின் பதிவு, ஓடிய தூரம், அனுபவ ஆண்டுகள் ஆகியவற்றுக்கே கட்டுப்பணத்தில் முதலிடம் என்று விதித்தது இந்தக் குறைக்கு நேர்மாறு.

எங்கள் வன்னியில் இக்குறை இன்னொரு உருவம் எடுக்கிறது. இலங்கையின் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியை மட்டுமே கட்டாயமாக்குகிறது. லீசிங்கில் எடுத்தவருக்கோ முழுக் காப்புறுதியும் வேண்டும். அது சந்தைப் பெறுமதியைத் தொடர்ந்து ஏறும். 2020இல் நின்ற வாகன இறக்குமதி தனியாருக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைக்காலத்தில் பழைய வண்டிகளும் விலையேறின. ஆபத்து நேருகையில் நிறுவனம் கொடுக்கவேண்டிய தொகையும் ஏறியதால் கணக்கில் பிழையில்லை. ஆனால் இந்த விலையை லீசிங்கில் எடுத்தவர் தேர்ந்தெடுக்கவில்லை, போர்ஷேக்காரர் தன் விலையைத் தேர்ந்தெடுத்தார்.

நடத்தைக்கு மதிப்பளிப்பதாகச் சொல்லப்படும் ஏற்பாடு, உரிமைக்கோரல் இல்லாதவருக்கான கழிவு. அது இடைவிடாமல் புதுப்பித்து வந்தவருக்கே உரியது. 2009 இறுதி யுத்தத்தில் முள்ளிவாய்க்கால் வரையான வழிநெடுக வாகனங்கள் கைவிடப்பட்டன. யுத்தச் சேதத்தை வழமையான மோட்டார் காப்புறுதி ஏற்பதேயில்லை. வண்டியோடு பத்திரங்களையும் இழந்து மீளக்குடியேறியவர், அதற்கு முன் இருபது வருடம் விபத்தின்றி லொறி ஓட்டியவராயினும், நிறுவனத்தின் ஏட்டில் நேற்று அனுமதிப்பத்திரம் எடுத்த பெடியனுக்குப் பக்கத்திலேயே நிற்கிறார்.