லண்டன் டிக்கெட்: கணக்கு யார் தலையில்?

லண்டனுக்குப் புதுசா போறவங்க கேக்குற முதல் கேள்வி, "மெட்ரோ டிக்கெட் எங்க வாங்கணும்?" இன்னைக்கு அதுக்குப் பதில், பெரும்பாலும் வாங்கவே வேண்டாம். வங்கி கார்டை வாசல்ல தட்டி உள்ளே போங்க, இறங்கும் இடத்துல அதே கார்டைத் தட்டி வெளியே வாங்க. இந்த ஒரு வரிப் பதிலுக்கு வந்து சேர சுமார் 175 வருஷம் ஆயிருக்கு.

கதை தொடங்குவது லண்டனில் இல்லை, வட இங்கிலாந்தில். மரச்சாமான் தொழிலில் நொடிச்சுப்போன தாமஸ் எட்மண்ட்சன், 1830-களில் மில்டன் என்ற சின்ன ஸ்டேஷனில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போ டிக்கெட்டைக் கையால் எழுதித்தான் கொடுப்பார்கள். அவர் முன்கூட்டியே வரிசை எண் அச்சடித்த சின்ன அட்டையைக் கொண்டுவந்தார். கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்தால் விற்பனைக் கணக்கு வந்துவிடும். நம்ம ஊர் ரயிலில் பல காலம் இருந்த கெட்டி அட்டை டிக்கெட்டும் இதே வம்சம்தான்.

ஆனா இது தீர்த்தது கம்பெனியோட பிரச்சினையை. பயணியோட பிரச்சினை அப்படியே இருந்தது. 1863-இல் லண்டனில் உலகின் முதல் சுரங்க ரயில் ஓடியபோது மூணு வகுப்பு, மூணு கட்டணம். ஊருக்குப் புதுசா வந்தவர் போகும் இடம், வகுப்பு, விலை எல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கணும்.

1900-இல் திறந்த சென்ட்ரல் லண்டன் ரயில்வே இதை உடைச்சது. எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 2 பென்ஸ், ஒரே வகுப்பு. "ரெண்டு பென்னி ட்யூப்" என்றே பெயர் வந்தது. ஊரே தெரியாதவரும் உள்ளூர்க்காரர் மாதிரி ஏறலாம். ஆனா 1907-இல் அது முடிஞ்சுபோச்சு. தூரத்துக்கு ஏற்ற கட்டணம் திரும்ப வந்தது.

அடுத்த பெரிய முயற்சி 1981. நகர நிர்வாகம் வரிப்பணத்தை வைத்துக் கட்டணத்தைக் குறைத்து, நகரத்தை மண்டலங்களாகப் பிரித்தது. தன் எல்லைக்குள் ஒரு ட்யூப் ஸ்டேஷன்கூட இல்லாத ப்ராம்லி பகுதி, "எங்க வரியை ஏன் இதுக்குச் செலவழிக்கணும்?" என்று கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தது. 1982-இல் கட்டணம் கிட்டத்தட்ட இரட்டிப்பானது. ஆனா மண்டலம் என்ற யோசனை தப்பித்தது. 1983-இல் வந்த டிராவல்கார்டு பஸ்ஸுக்கும் ட்யூபுக்கும் பொதுவானது. ஸ்டேஷன் ஸ்டேஷனா விலை பார்க்க வேண்டியதில்லை, எத்தனை மண்டலம் என்று தெரிந்தால் போதும்.

2003-இல் ஆய்ஸ்டர் கார்டு வந்தது. சாஃப்ட்வேர்காரனா எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். ஆய்ஸ்டரில் மீதிப் பணம் கார்டுக்குள்ளேயே இருக்கும். 2014-இல் ட்யூபுக்கு வந்த வங்கி கார்டு முறையில் கார்டு வெறும் அடையாளம் மட்டும். நாள் முழுக்க நீங்க தட்டியதைச் சேர்த்து, தினசரி உச்சவரம்புக்கு மேல் போகாமல் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டர் கணக்குப் போடும். அதனாலதான் போனில் தட்டி ஏறி, கார்டில் தட்டி இறங்கக் கூடாது. கம்ப்யூட்டருக்கு அது பாதியில் நின்ற ரெண்டு பயணம். ரெண்டுக்குமே அதிகபட்சக் கட்டணம் விழும். கணவனும் மனைவியும் ஒரே கார்டைப் பகிர முடியாததும் இதனாலதான்.

ஆக, பயணி தலையில் இருந்த கணக்கு இயந்திரத்துக்குப் போயிடுச்சு. ஆனா சும்மா போகல. அதே 2014 ஜூலையில் லண்டன் பஸ்கள் காசு வாங்குவதை நிறுத்தின. காசு கொடுத்த பயணங்கள் சுமார் 1 சதவீதம்தான் என்பது நிர்வாகம் சொன்ன காரணம். 1900-இல் ஒருத்தர் சட்டைப்பையில் 2 பென்ஸ் இருந்தால் ட்யூப் கதவு திறந்தது. இன்னைக்கு கை நிறைய நோட்டு வெச்சிருந்தாலும் பஸ்ஸில் ஏற முடியாது. முதல்ல ஆய்ஸ்டர் விற்கும் ஸ்டேஷனையோ கடையையோ தேடணும்.

நல்ல சிஸ்டமான்னு கேட்டா, ஆமாம்னுதான் சொல்வேன். ஆனா ஒரு நகரம் விருந்தாளியை எப்படி வரவேற்குதுன்னு பார்க்க, நான் அந்த 99 பேரைப் பார்க்க மாட்டேன். மிச்சம் இருக்கும் அந்த ஒருத்தரைத்தான் பார்ப்பேன்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.