கொல்லி அறப்பள்ளி

நாமகிரிப்பேட்டையினின்று கிழக்கு நோக்குவார்க்கு, மஞ்சள் விளையும் வயல்களுக்கு அப்பால் நீலநிறத்ததாய் நெடிது கிடந்து தோன்றுவது கொல்லிமலை. அம்மலைமீது, வளப்பூர்நாட்டில், ஐயாற்றின் கரையில் அறப்பளீசுவரர் திருக்கோயில் விளங்குகின்றது. அம்மை அறம்வளர்த்த நாயகி. இத்தலத்தைப்பற்றி வழங்கும் செய்திகளுள் திருமுறை கூறுவன இவை, சங்கச் செய்யுள் கூறுவன இவை, தலக்கதை கூறுவன இவை எனப் பகுத்தறியாது ஒன்றோடொன்று மயங்கக் கூறுதல் இக்காலத்துப் பெருவழக்காயிற்று. அம்மயக்கம் நீங்கினாலன்றித் தலத்தின் பெருமை உள்ளவாறு புலப்படாது.

முதற்கண் திருமுறைச் சான்று. அறப்பள்ளிக்கெனத் தனிப்பதிகம் இன்றில்லை. ஆயினும், திருஞானசம்பந்த சுவாமிகள் இரண்டாந் திருமுறையிலுள்ள திருக்ஷேத்திரக்கோவையிலும், திருநாவுக்கரசு சுவாமிகள் ஆறாந் திருமுறையிலுள்ள க்ஷேத்திரக்கோவைத் திருத்தாண்டகத்திலும் இத்தலத்தை வைத்தோதியருளினர். ஆதலின் இது வைப்புத்தலம் எனப்படும். கொங்குநாட்டிலேயே கொடிமாடச்செங்குன்றூர் பதிகம் பெற்றுத் திகழ, அறப்பள்ளி பெயரளவிற் சுட்டப்பெற்றமையின் இது தாழ்ந்ததோவெனின், அற்றன்று. காசியும் கயிலையும் போலச் சேய்மைக்கண் உள்ளனவற்றையும் தம் திருவுள்ளத்திருத்திப் பாடிய ஆசாரியர், ஒரு தலத்தின் பெயரை நாவில் வைத்தருளியதே அதற்குப் போதிய சிறப்பாம்.

ஈண்டு ஓராசங்கை நிகழும். பள்ளி என்பது சமணர் உறையுளுக்கு வழங்கும் பெயராதலின், இத்தலமும் முன்னர் அவர்க்குரியதாயிருந்ததோ என்பர் சிலர். பள்ளி என்னுஞ் சொல் ஊர், இடம், துயிலிடம், தவத்தோர் உறையுள் எனப் பலபொருள் குறிக்கும். சம்பந்த சுவாமிகள் அறப்பள்ளியைக் கூறிய அத்திருப்பாட்டிலேயே அகத்தியான்பள்ளி, காட்டுப்பள்ளி, சிராப்பள்ளி, செம்பொன்பள்ளி, நனிபள்ளி என்பனவும் ஒருங்கு வைத்தெண்ணப்பட்டன. சொல்லொன்றனையே பற்றி ஒரு தலத்தின் பழமையை மறுத்தல் பொருந்தாமை இதனாற் பெறப்படும். இனி, அப்பர் சுவாமிகள் திருத்தாண்டகத்தில் இப்பெயர் அறைப்பள்ளி என்று காணப்படுகின்றது. அறை என்பது பாறை. பாறை செறிந்த மலைமேலுள்ள பள்ளிக்கு அப்பெயரும் இயையும். அம்மை அறம்வளர்த்த நாயகியாக விளங்கும் பள்ளிக்கு அறப்பள்ளி என்பதும் இயையும்.

அடுத்தது சங்கச் சான்று. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி கொல்லிமலைக்கு இறைவன். அவன் எய்த ஓரம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்னும் ஐந்தனையும் ஒருங்கே வீழ்த்திய செய்தியை வன்பரணர் புறநானூற்று 152-ஆம் பாட்டிற் கூறினர். முள்ளூர் மன்னனாகிய காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்கு ஈந்தமை அகநானூற்று 209-ஆம் பாட்டால் அறியப்படும். ஓரியே இக்கோயிலை எடுப்பித்தான் என்பது மலைநாட்டார் வழக்கு. அச்செய்யுட்களில் அச்செய்தி இல்லை. வழக்கை வழக்கெனவே கொள்ளுதல் வேண்டும். அதற்குச் சங்கச் செய்யுளைச் சான்றாகக் காட்டுதல் புலவர் நெறியன்று.

மூன்றாவது தலக்கதை. உழவனொருவன் நிலத்தை உழுதபோது கொழுமுனை எதனையோ தாக்கக் குருதி பெருகிற்று. அகழ்ந்து நோக்குழிச் சிவலிங்கத் திருமேனி வெளிப்பட்டது. அவ்வடு இன்றும் திருமுடியில் உளது என்பர். மற்றொன்று ஐயாற்று மீன்களைப் பற்றியது. ஆற்றிலுள்ள மீன்களை இறைவன் உடைமையெனப் போற்றி அன்பர் உணவிடுவர். ஒருகால் ஒருவன் அவற்றைப் பிடித்து அறுத்து உலையிலிட, துண்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தி, மீன்கள் உயிர்பெற்று ஆற்றிற் பாய்ந்தன என்பது கதை.

இக்கதைகள் நிகழ்ந்த ஆண்டு யாதென வினவுதல் பயனின்று. அவை உணர்த்தும் பொருளே நோக்கற்பாலது. உயிர்க்குத் தனு கரண புவன போகங்களைக் கூட்டுவிப்பவன் இறைவனே என்பது சைவசித்தாந்தத் துணிபு. தானே தன் உடம்பை ஆக்கிக்கொள்ள வல்ல உயிர் யாதுமில்லை. அறுபட்ட மீனைப் பொருத்தியவன் அறப்பள்ளியான் எனுங் கதை, எவ்வுடம்பும் அவன் பொருத்தியதே எனும் உண்மையைக் கல்லார்க்கும் எளிதிற் காட்டுகின்றது. அவன் பொருத்தியதை அறுக்க நமக்கு உரிமை யாது? கொல்லாமையென்னும் அறம் இவ்வினாவினின்றே பிறக்கும். கொழு பட்ட வடுவோ, அறியாது செய்த பிழையையும் தன் முடியிலேற்று அருள் வெளிப்படும் வாயிலாக்கிக்கொள்ளும் பெருங்கருணையைப் புலப்படுத்தும்.

பிற்காலத்தில், 18-ஆம் நூற்றாண்டினரான அம்பலவாணக் கவிராயர் பாடிய அறப்பளீசுர சதகம் இத்தலப் பெயரைத் தமிழ்நாடெங்கும் பரப்பிற்று. மலையைக் காணாத சிறாரும் திண்ணைப்பள்ளியில் அச்சதகத்தை ஓதி, செய்யுள்தோறும் இறுதியில் அறப்பளீசுரரை விளித்தனர். உலகியல் நீதிகளைக் கூறும் நூலொன்று அறப்பள்ளியானை முன்னிலைப்படுத்தியமை பெயர்க்கேற்ற பொருத்தமே.

முற்காலத்து அன்பர் அடிவாரத்தினின்று காட்டுவழியே கால்நடையாக ஏறினர். இன்று காரவள்ளி வழியாக 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து வண்டியிலேயே செல்லலாம். ஆடிப்பதினெட்டில் மக்கள் திரளாகக் கூடுவர். கோயிலருகினின்று ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கி ஆகாயகங்கை அருவியைக் காண வருவார் பலர். அவருட் சிலர் சந்நிதியை எட்டியும் நோக்காது செல்கின்றனர். அருவியாக வீழும் அவ்வாறே மீன்களுக்கு இல்லமாகிய ஐயாறு என்பதை அவர் உணரின், அதனை மாசுபடுத்த ஒருப்படார்.

திருமுறை தலத்தைக் காட்டிற்று. சங்கச் செய்யுள் மலையைக் காட்டிற்று. தலக்கதை இறைவன் அருளைக் காட்டிற்று. ஒன்றன் பணியை மற்றொன்றன்மேல் ஏற்றாது மூன்றனையும் போற்றி, ஐயாற்றுக் கரையில் ஒருபிடி பொரியிட்டு நிற்கும் அன்பர்க்கு அறப்பள்ளி தன் பெயர்ப்பொருளைத் தானே உணர்த்தும்.